நாலு கோல் வித்தியாசம்

1

திருகோணமலையில் சின்னப் பிள்ளைகளுக்கு ஐந்து பேர் அணிகளாக உதைபந்தாட்டப் போட்டி தொடங்கப்போகிறார்களாம். நோர்வேயில் இதை எப்படி நடத்துகிறார்கள், விதி என்ன, ஒழுக்கம் என்ன, கொஞ்சம் எழுதி அனுப்பு என்று ஊரிலிருந்து கேட்டார்கள். கேட்டவர்களுக்கு விசயம் தெரியாது. இரண்டு கிழமைக்கு முதல், விளையாட்டு நடந்துகொண்டிருக்கும்போது மைதானத்துக்குள் இறங்கி எல்லாவற்றையும் குழப்பிய தகப்பன் நான்தான்.

ஆனாலும் எழுதுகிறேன். ஒழுங்கான ஆள் எழுதினால் விதி மட்டும்தான் உங்களுக்குக் கிடைக்கும்.

2

முதலில் விதி. என் மகள் மெலனிக்கு ஒன்பது வயது. அந்த வயதில் ஒரு பக்கம் ஐந்து பேர். மைதானம் சின்னது, பந்து சின்னது, கோல் கம்பமும் சின்னது. புள்ளி அட்டவணை கிடையாது, கிண்ணம் கிடையாது. யார் வென்றது என்று எங்கேயும் எழுதமாட்டார்கள். பிள்ளைகளுக்கு மட்டும் சரியாகத் தெரியும். வெளியே இருக்கிற பிள்ளைகளை மாறி மாறி உள்ளே விடவேண்டும். நடுவர் பதினைந்து, பதினாறு வயதுப் பெடியன். அவனோடு ஒருவரும் வாய் காட்டக்கூடாது.

பெற்றோருக்குத்தான் விதி கூட. கோட்டிலிருந்து தள்ளி ஒரு கயிறு கட்டியிருப்பார்கள். அதற்குப் பின்னால்தான் நிற்கலாம். கைதட்டலாம், இரண்டு அணிக்கும் தட்டவேண்டும். "அங்கே போ, இங்கே அடி" என்று சொல்லக்கூடாது. பெற்றோரில் ஒருவர் முறை வைத்து மஞ்சள் அங்கி போட்டுக்கொண்டு மற்றப் பெற்றோரைக் கண்காணிப்பார். எனக்கும் ஒருமுறை அந்த அங்கி வந்தது. ஒரு மணித்தியாலம் வாயை மூடிக்கொண்டு நின்றதில் எனக்குத் தலையிடி வந்துவிட்டது.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரியாமல் போனது ஒன்றே ஒன்று. ஒரு அணி நாலு கோலால் முன்னுக்கு நின்றால், தோற்கிற அணி ஒரு ஆளைக் கூடுதலாக இறக்கலாம். ஐந்துக்கு ஆறு. வித்தியாசம் குறைந்ததும் அந்த ஆள் வெளியே வரவேண்டும். மெலனி ஆறு வயதிலிருந்து விளையாடுகிறாள். இவ்வளவு காலமும் நான் இதைக் காணவில்லை. சனிக்கிழமைகளில் மீன் ஆலையில் எனக்கு வேலை. இந்த வருசம்தான் சனி விடுமுறை கிடைத்தது.

அன்றைக்கு மெலனியின் அணி பாலத்துக்கு அந்தப் பக்கத்துக் கழகத்தோடு விளையாடியது. அந்த அணியில் ஹனா இருக்கிறாள். என் நண்பன் நசீரின் மகள். நசீர் கிண்ணியாக்காரன்; அது குடாவுக்கு அந்தப் பக்கத்து முஸ்லிம் ஊர். நான் திருகோணமலை உட்துறைமுகப் பக்கம். ஊரில் இருந்த காலத்தில் நாங்கள் சந்தித்ததே இல்லை. இந்த மழை ஊரில் வந்து பேருந்துத் தரிப்பிடத்தில் ஒருவனை ஒருவன் கண்டுபிடித்தோம். அவனுடைய பிள்ளையும் என்னுடைய பிள்ளையும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரித்தான்.

எங்கள் பக்கம் நாலாவது கோலைப் போட்டது. மற்றப் பக்கத்துக்கு ஒன்றும் இல்லை. நான் வழக்கம்போல் எதிரணியை எண்ணினேன். ஆறு பேர். திரும்ப எண்ணினேன். ஆறுதான். ஆறாவது ஆள் ஹனா. பெரிய சட்டை முழங்கால்வரை தொங்க, கோட்டுக்குப் பக்கத்தில் நின்றாள்.

"ஏய் ரெபரி! ஆறு பேர்! ஆறு பேர் நிக்கினம்!"

தமிழில் கத்தினேன். நடுவர்ப் பெடியன் திரும்பிப் பார்த்துவிட்டு விசிலை ஊதாமல் ஓடினான். கயிற்றைத் தூக்கிக் குனிந்து உள்ளே போனேன். ஹனாவின் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"பிள்ளை, நீ வெளிய வா. கணக்குக் கூடிப்போச்சு."

கூட்டிக்கொண்டு வந்து கயிற்றுக்கு வெளியே விட்டேன். இழுக்கவில்லை, அதட்டவும் இல்லை. வேறு பிள்ளை என்றால் கிட்டப் போயே இருக்கமாட்டேன். வெள்ளைக்காரப் பிள்ளையின் கையைப் பிடிக்க எனக்கு என்ன விசரா? அது ஹனா என்றபடியால் போனேன். ஊரில் என்றால் ஒரு மாமன் செய்கிற வேலை.

மைதானம் முழுக்க நின்றுவிட்டது. பிள்ளைகள் நின்ற நின்ற இடத்தில் நின்றார்கள். எங்கள் பயிற்றுநர் இங்கர் ஓடிவந்து எனக்கும் ஹனாவுக்கும் நடுவில் நின்று, கையை விரித்து என்னைத் தடுத்தாள். பொலிஸ்காரர் சனத்தைத் தள்ளிவைக்கிற மாதிரி. அப்போதும் எனக்கு விளங்கவில்லை. விரலைக் காட்டி எண்ணிக் காட்டினேன். ஒன்று, இரண்டு, மூன்று.

மெலனி நடு மைதானத்தில் நின்று நோர்வேஜிய மொழியில் சொன்னாள். "அப்பா, அது விதி. எல்லாருக்கும் தெரியும்."

நசீர் மட்டும் அந்தப் பக்கத்தில் நின்று சிரித்தான். "மச்சான், இன்னும் கிண்ணியாக்காரனை எண்ணிக்கொண்டா நிக்கிறாய்!"

அந்தச் சிரிப்பைப் பார்த்து நானும் சிரித்தேன். வேறு ஒருவரும் சிரிக்கவில்லை. இங்கர் ஹனாவிடம் குனிந்து ஏதோ கேட்டாள். ஹனா இல்லை என்று தலையாட்டினாள். உள்ளே போகவில்லை. ஆட்டம் முடியும்வரை போகவில்லை.

3

திங்கட்கிழமை கைத்தொலைபேசிக்குக் கழகத்திலிருந்து செய்தி வந்தது. சனிக்கிழமை நடந்ததைப் பற்றி உங்களோடு ஒரு உரையாடல் வேண்டும், வியாழக்கிழமை மாலை வரமுடியுமா என்று. கடைசியில் ஒரு சிரிக்கிற முகம் வேறு.

இந்த நாட்டில் ஒருவரும் கோபமாகக் கூப்பிடமாட்டார்கள். வேலையை விட்டு நிற்பாட்டுவதற்கும் உரையாடல். பள்ளிக்கூடத்தில் பிள்ளையைப் பற்றிச் சொல்வதற்கும் உரையாடல். கோப்பியும் தருவார்கள். ஊரில் கூப்பிட்டு ஏசினால் எவ்வளவு பிழை விட்டோம் என்று சத்தத்திலேயே அளந்துவிடலாம். இங்கே அளக்க ஏலாது.

என் மனைவி சுகந்தி செய்தியை இரண்டுதரம் வாசித்தாள்.

"வேற ஆக்களின்ர பிள்ளையில கை வைச்சிருக்கிறியள். இது லேசான விசயமில்லை."

"அது ஹனா!"

"அவையளுக்கு அது ஹனா இல்லை. ஒரு பிள்ளை. நீங்கள் ஒரு ஆம்பிளை."

அவள் சொன்ன பிறகுதான் அந்த நினைப்பே எனக்கு வந்தது. இங்கே பிள்ளைகள் நலன் அலுவலகம் என்று ஒன்று இருக்கிறது. நல்ல நோக்கத்தோடு வைத்திருப்பதுதான். ஆனால் பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரித்துக் கொண்டுபோய்விடுவார்கள் என்று, தமிழ்ச் சனத்துக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே பயம். இன்னாருடைய பிள்ளை பள்ளிக்கூடத்தில் ஒரு வார்த்தை சொன்னதாம், வீட்டுக்கு ஆள் வந்ததாம். இப்படிக் கதைகள். எது உண்மை, எது கட்டியது என்று ஒருவருக்கும் தெரியாது. பிறந்தநாள் வீடுகளில் சோறு பரிமாறும்போது குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். இவ்வளவு காலமும், ஒழுங்காகப் பிள்ளை வளர்க்காதவனுக்கு வருகிற பயம் அது என்று நான் நக்கல் அடித்திருக்கிறேன்.

அந்தக் கிழமை முழுக்க ஆலையில் மீன் வெட்டுகிற இயந்திரத்துக்கு முன்னால் நின்று அதையேதான் நினைத்தேன். பிறத்திப் பிள்ளையை இப்படிச் செய்கிறவன் சொந்தப் பிள்ளையை என்ன செய்வான் என்று அவர்கள் கேட்டால்? மெலனியைத் தனியே கூப்பிட்டு விசாரித்தால் அவள் என்ன சொல்வாள்? நான் கத்துவேன் என்பாள். அது உண்மை. அடிப்பேனா என்று கேட்டால் இல்லை என்பாள். அதுவும் உண்மை. ஆனால் அதை என் முகத்தைப் பார்க்காமல் எப்படிச் சொல்லுவாள், எந்தக் குரலில் சொல்லுவாள்? அதுதான் எனக்குத் தெரியாது. என்னோடு அவள் தமிழில் கதைப்பது குறைந்துவிட்டது. அவளுடைய மொழியில் அவள் எப்படிப்பட்ட ஆள் என்று எனக்கு உண்மையாகத் தெரியாது.

வழக்கமாக வாகனத்தில் முன் இருக்கையில் இருக்கிறவள், அந்தக் கிழமை பின்னால் ஏறினாள்.

"ஏன் பிள்ளை, முன்னுக்கு வாவன்."

"வேணாம்."

"அப்பா ஹனாவுக்கு ஒண்டும் செய்யேல்லையே."

"ஹனா விளையாடிக்கொண்டு நிண்டவள்," என்றாள். பிறகு காதில் எதையோ மாட்டிக்கொண்டாள்.

4

ஏன் எண்ணினாய் என்று என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். உங்களுக்குச் சொல்கிறேன். உங்களுக்கு விளங்கும்.

நாங்கள் விளையாடியது துறைமுகத்துப் பக்கம் ஒரு வெறுங்காணியில். சந்தர்ப்பத்தைப் பொறுத்து நாலு பேர், ஐந்து பேர். இரண்டு செருப்புத்தான் கோல் கம்பம். காணிக்குப் பக்கத்தில் ஒரு படை முகாம். பின்னேரங்களில் முகாமிலிருந்து இரண்டு மூன்று பேர் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு வந்து விளையாட்டில் சேர்வார்கள். எப்போதும் ஒரே பக்கத்தில்தான் சேர்வார்கள். எது வெல்லும்போல் இருக்கிறதோ அந்தப் பக்கத்தில். நாங்கள் ஐந்து பேர் நிற்க, எதிரில் எட்டுப் பேர் நிற்பார்கள். அவர்களில் ஒருவரையும் கெட்ட மனுசன் என்று சொல்லமாட்டேன். சிரிப்பார்கள், முதுகில் தட்டுவார்கள், சிலவேளை பிஸ்கட் தருவார்கள். ஆனால் அவர்களுடைய காலிலிருந்து பந்தை எடுக்க ஏலாது. அவர்கள் கோல் என்றால் கோல்.

றெஜி என்றொரு பெடியன் எங்களோடு விளையாடினான். ஒருநாள் அவன் பந்தைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு, "எட்டுப் பேர் நிக்கிறீங்கள். மூண்டு பேர் வெளிய போங்கோ" என்றான். நல்ல தமிழில், மரியாதையாகத்தான் சொன்னான். ஒருவர் அவனிடமிருந்து பந்தை வாங்கினார். முகாம் வேலிக்கு உள்ளே உதைத்தார். அவ்வளவுதான். பந்து போய்விட்டது. பிறகு அந்தப் பாதையால் போகும்போதெல்லாம் றெஜியை மட்டும் நிற்பாட்டி அடையாள அட்டை கேட்டார்கள். அட்டை எடுக்கிற வயசே அவனுக்கு இல்லை. கொஞ்ச நாளில் தாய் அவனைச் சாம்பல்தீவில் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிட்டாள்.

அதன் பிறகு நாங்கள் எல்லோரும் வாய்க்குள்ளேயே எண்ணப் பழகினோம். எண்ணுவது, ஆனால் சொல்லாமல் விடுவது. ஒரு பக்கத்தில் ஆள் கூடினால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: பலம் உள்ளவன் இன்னும் பலத்தைச் சேர்க்கிறான். தோற்கிறவனுக்கு ஆள் கூட்டிக் கொடுக்க ஒரு விதி இருக்கும், அதை வெல்கிறவன் ஒப்புக்கொண்டு பேசாமல் விளையாடுவான் என்று யாராவது சொல்லியிருந்தால் நாங்கள் சிரித்திருப்போம்.

எண்ணியதைச் சத்தமாகச் சொல்ல எனக்கு இத்தனை வருசம் பிடித்தது. சொன்ன இடம்தான் பிழைத்துவிட்டது.

5

வியாழக்கிழமை போனேன். கழகக் கட்டடத்தின் மேல்மாடி. இங்கரும் பிள்ளைகளுக்குப் பொறுப்பான ஒரு பெண்ணும் இருந்தார்கள். கோப்பி தந்தார்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வந்தால் அடுத்த பிறந்தநாள் வீட்டில் நான்தான் கதை.

சுகந்தி சொல்லிவிட்டிருந்தாள்: "ஒண்டும் விளங்கப்படுத்த வெளிக்கிடாதேங்கோ. பிழை எண்டு சொல்லிப்போட்டு வாங்கோ." நான் விளங்கப்படுத்த வெளிக்கிட்டேன். ஹனா என் சொந்தப் பிள்ளை மாதிரி என்றேன்.

அந்தப் பெண் மெதுவாகச் சொன்னாள்: "ஆனால் அவள் உங்கள் பிள்ளை இல்லை."

கோப்பியை மேசையில் வைத்தேன்.

அவர்கள் ஏற்கெனவே நசீரோடு கதைத்திருந்தார்கள். முறைப்பாடு எதுவும் இல்லை, நாங்கள் குடும்ப நண்பர்கள் என்று அவன் சொல்லியிருக்கிறான். ஆகவே இதை இதற்குமேல் கொண்டுபோகவில்லை என்றார்கள். விதி தெரியாவிட்டால் மஞ்சள் அங்கிக்காரரிடம் கேட்கலாம், கேட்பதில் வெட்கம் இல்லை என்றார்கள். கயிற்றைத் தாண்டக்கூடாது. இனிமேல் ஒருதரம் நடந்தால் மைதானத்துக்கு வர விடமாட்டார்கள். அவ்வளவுதான். கைகொடுத்து அனுப்பினார்கள்.

படி இறங்கும்போது தப்பிவிட்டேன் என்று சந்தோசம் வந்தது. கொஞ்சத்தில் கோபமும் வந்தது. பயப்படுத்தி வைத்துவிட்டுக் கோப்பி தருகிறார்கள் என்று. அந்தச் சந்தோசத்திலும் கோபத்திலும் நேரே நசீர் வீட்டுக்குப் போனேன், நன்றி சொல்ல.

6

நசீர் கதவைத் திறந்தான். வழக்கமான நக்கல் இல்லை.

"தப்பிட்டன் மச்சான்," என்றேன். "நீ சொன்னபடியாத்தான்."

"நான் உள்ளதைத்தானே சொன்ன. வா, இரி."

"என்னடா, முகம் ஒரு மாதிரி இருக்கு?"

குசினிக்குள் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைக் குறைத்தான். "புள்ள செவ்வாய்க்கிழமை பயிற்சிக்குப் போகல்ல. இண்டைக்கும் போகல்ல. வயித்துவலி எண்டு சொல்றா. வயித்துவலியும் இல்ல, ஒண்டும் இல்ல."

"என்னாலயோ?"

"வேற ஆரால? நான் அண்டைக்குச் சிரிச்சிட்டன் மச்சான். அதுவும் பிழை. நான் சிரிச்சதையும் அவ பாத்திட்டா."

பிறகுதான் சொன்னான். ஹனா அந்த அணிக்குப் புதிது. மாற்று ஆளாக உள்ளே போ என்று பயிற்றுநர் எத்தனைதரம் கேட்டாலும் மாட்டேன் என்பாளாம். தான் உள்ளே போவதற்கு வேறொரு பிள்ளை வெளியே வரவேண்டும், வெளியே வருகிற பிள்ளை தன்னை ஒரு மாதிரிப் பார்க்கும் என்று பயம். அதனால் நாலு கோல் வித்தியாசம் வந்தால் மட்டும் போவாளாம். அப்போது ஒருவரும் வெளியே வரத் தேவையில்லை. அவளுக்கென்றே ஒரு இடம் புதிதாகத் திறக்கும். வருசம் முழுவதும் இரண்டே இரண்டு தரம்தான் அப்படி வாய்த்ததாம். மூன்றாவது தரம்தான் நான் கையைப் பிடித்து வெளியே கொண்டுவந்தது. கணக்குக் கூடிப்போச்சு என்று வேறு சொல்லிக்கொண்டு.

அந்தக் கிழமை முழுக்க நான் பயந்தது எனக்காக. என் வீட்டுக்கு யார் வருவார்கள், என் பிள்ளையிடம் என்ன கேட்பார்கள் என்று. இந்தப் பிள்ளையை ஒருதரம்கூட நினைக்கவில்லை.

குசினிக்குள் போனேன். ஹனா மேசைக்கு முன்னால் இருந்து ஏதோ படம் கீறிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

எங்கள் சனத்தில் பெரிய ஆட்கள் சின்னப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பது வழக்கமில்லை. சொக்லேட் வாங்கிக் கொடுப்போம். தலையைத் தடவுவோம். அதோடு முடிந்தது. அன்றைக்கு என்னிடம் சொக்லேட்டும் இல்லை. தலையைத் தடவவும் கை வரவில்லை.

"ஹனா, அங்கிள் பிழை விட்டுட்டன். எனக்கு அந்த விதி தெரியாது. நீ நிண்டது சரி."

"ம்."

"சனிக்கிழமை விளையாடப் போவியோ?"

பென்சிலை உருட்டினாள். "நாலு கோல் விழோணும், அங்கிள். எங்கட ரீம் இப்ப நல்லா விளையாடுது."

அதை அவள் கவலையாகச் சொன்னாள்.

"விழுந்தால் போவியோ?"

தோளைத் தூக்கினாள். இந்த நாட்டுப் பிள்ளைகள் பதில் சொல்ல விருப்பமில்லாதபோது செய்கிற மாதிரி.

வாசலில் நசீர் சொன்னான்: "எப்படியாவது கூட்டிக்கொண்டு வாறன். நீயும் வா. எதிர்க்கிறது நல்ல ரீம் எண்டு கதை. துஆச் செய்."

"தோக்கச் சொல்லியோ வேண்டுறது?"

"தோக்கத்தான். நாலால."

7

சனிக்கிழமை மழை. மெலனிக்கு ஆட்டம் இல்லை. ஆனாலும் நானும் வருகிறேன் என்றாள். வந்து, என்னிலிருந்து நல்லாத் தள்ளி, என்னைத் தெரியாத ஆள் மாதிரி நின்றாள். என்னைக் காவல் பார்க்க வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

ஹனா வெளியே மாற்றுப் பிள்ளைகள் இருக்கிற வாங்கில், அந்தப் பெரிய சட்டையோடு இருந்தாள். பயிற்றுநர் இரண்டுதரம் அவளிடம் குனிந்து கேட்டார். இரண்டுதரமும் இல்லை என்று தலையாட்டினாள்.

எதிரணி உண்மையிலேயே நல்ல அணி. முதல் கோல் சுணங்காமல் விழுந்தது. பிறகு இரண்டாவது. இடைவேளைக்கு முதல் மூன்றாவது. நசீர் கையைப் பிசைந்துகொண்டு நின்றான். பக்கத்தில் நின்ற ஒரு நோர்வேஜியத் தாய், பரவாயில்லை, பிள்ளைகள் சந்தோசமாக ஓடினால் போதும் என்று எங்களுக்கு ஆறுதல் சொன்னாள். ஓம் ஓம் என்றோம்.

இடைவேளை முடிந்ததும் ஹனாவின் அணி ஒரு கோல் போட்டது. எல்லோரும் துள்ளினார்கள்.

"அல்லாவே," என்றான் நசீர்.

"தட்டடா கையை," என்றேன். "சனம் பாக்குது."

இரண்டு பேரும் தட்டினோம். அதற்குப் பிறகு எதிரணிக்காரி ஒருத்தி கோலுக்கு முன்னால் தனியே வந்து ஓங்கி அடித்தாள். ஹனாவின் அணிக் கோல் காப்பாளர், ஒரு மெல்லிய பிள்ளை, பாய்ந்து பிடித்துவிட்டாள். அவ்வளவு நல்ல பிடி. மைதானமே கைதட்டியது.

"ஏன்டா இண்டைக்குப் பாத்து இந்தப் புள்ளைக்கு இந்தச் சுதி," என்று நசீர் முனகினான். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. என் வாழ்நாளில் எத்தனையோ ஆட்டம் பார்த்திருக்கிறேன். சொந்தப் பக்கத்துக்குக் கோல் விழவேண்டும் என்று இப்படி நெஞ்சு அடித்துக்கொண்டு நின்றதில்லை.

நாலாவது விழுந்தது. நாலுக்கு ஒன்று. வித்தியாசம் மூன்றுதான். நேரம் போய்க்கொண்டிருந்தது. நடுவர்ப் பெண் கையில் மணிக்கூட்டைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

பிறகு பந்து யாருடைய காலிலோ பட்டு, உருண்டு, சேற்றில் கொஞ்சம் நின்று, கோட்டைத் தாண்டியது. ஐந்துக்கு ஒன்று.

நசீர் என் கையை நெரித்தான். பயிற்றுநர் வாங்கைத் திரும்பிப் பார்த்து ஒரு விரலைக் காட்டினார். ஹனா எழும்பவில்லை. அவர் காத்துக்கொண்டு நின்றார். மெலனி தான் நின்ற இடத்திலிருந்து என்னவோ சொல்லிக் கூப்பிட்டாள். அவர்களுடைய மொழியில், மிக வேகமாக. எனக்கு விளங்கவில்லை. ஹனாவுக்கு விளங்கியது. எழும்பினாள்.

கோட்டுக்கு வந்ததும் நின்றாள். தலையைத் திருப்பிப் பெற்றோர் நிற்கிற பக்கம் பார்த்தாள். தகப்பனைத் தாண்டி அவள் கண் என்னில் வந்து நின்றது. நான் எங்கே நிற்கிறேன் என்று பார்க்கிறாள். இரண்டு கையையும் எடுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு அடி பின்னால் போனேன். அவள் இன்னும் பார்த்துக்கொண்டு நின்றாள். இன்னொரு அடி பின்னால் போனேன்.

அதற்குப் பிறகுதான் உள்ளே ஓடினாள்.